பாப்போம் என்று நின்ற வேன்

எங்கள் அப்பாவுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்பது ஜனக்புரியில் எங்கள் பிளாக் முழுவதற்கும் தெரிந்த விஷயம். காய்கறித் தள்ளுவண்டியின் முன்னால் வெண்டைக்காயா கத்தரிக்காயா என்று அவர் யோசித்து நிற்பதற்குள், பின்னால் வந்தவர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் வேலை பார்த்தது மத்திய அரசு அலுவலகம் என்பதால் அங்கே இது ஒரு குறையாகத் தெரியவில்லை. பதவி உயர்வுகூடக் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்டவர் யாரையும் கேட்காமல் சட்டென்று செய்த ஒரே காரியம், ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கிக்கொண்டு வந்ததுதான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன வண்டி அது. பக்கவாட்டுக் கதவை வெளியிலிருந்து ஒரு உதை கொடுத்துத்தான் திறக்க வேண்டும். எல்லாரும் ஏறிய பிறகு உள்ளிருந்து இன்னொரு உதை கொடுத்து மூட வேண்டும். இரண்டாவது உதை என் பொறுப்பு.

அம்மாவுக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. தில்லியில் இருக்கும் தமிழர் வீடுகளுக்குக் கோடை என்றால் வெயில் மட்டுமில்லை, ஊரிலிருந்து ஆட்களும் வருவார்கள். ரயிலடிக்குப் போய் அழைத்து வர வேண்டும். செங்கோட்டை, குதுப்மினார், ஆக்ரா, கடைசியில் ஹரித்துவார் என்று சுற்றிக் காட்டி, புளியோதரைப் பொட்டலத்தோடு திருப்பி ரயிலேற்ற வேண்டும். வேன் வாங்கும்வரை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் நெருங்கிய சொந்தங்கள் மட்டும். வாங்கிய பிறகு திருநெல்வேலி ஜில்லாவில் எங்களுக்குத் தூரத்து உறவு என்று யாருமே இல்லாமல் போனார்கள். எல்லாரும் நெருங்கிவிட்டார்கள்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போகிற வருஷம் அது. குளிர் விடுகிற சமயத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்து, வயிற்றில் ஒரு ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தாள். கட்டி இருந்தது, எடுத்தாச்சு என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். தீபாவளிவரைக்கும் அம்மா ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீடு இரண்டாவது மாடி. கோடையில் குழாய்த் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. விடிகாலையில் கீழே போய்ப் பிடித்துத்தான் மேலே கொண்டு வர வேண்டும். அதனால் அப்பா பனியனோடு படியேறி இறங்கிக்கொண்டிருப்பார், நான் சின்ன வாளியோடு பின்னால் போவேன்.

ஆபரேஷன் விஷயத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. பொம்பளைகளுக்குள்ள சமாச்சாரம், தெரிந்தால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள் என்றாள். அப்பா தலையாட்டினார். தலையாட்டுவதற்கு முடிவு எதுவும் எடுக்க வேண்டியதில்லையே.

ஆக, ஏப்ரல் கடைசியில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்று ஃபோன் வந்தபோது யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை. பெரியப்பா அப்பாவுக்குத் தகப்பன் மாதிரி. தன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்து அப்பாவைப் படிக்க வைத்தவர். அவர் வருகிறேன் என்றால் அப்பாவின் வாயிலிருந்து வரக்கூடிய ஒரே சொல், "வாங்கண்ணே."

வந்தார்கள். வீடு நிறைந்தது. தில்லியையும் ஆக்ராவையும் பார்த்து முடித்ததும் பெரியப்பா கேட்டார்.

"ஏ தம்பி, வண்டி நல்லாத்தான ஓடுது? ஹரித்துவாரம் ஒரு எட்டுப் போயிட்டு வந்திருவோம்."

"சரிண்ணே."

அம்மா வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். பெரியம்மா விடவில்லை. "முகமே வாடிப் போயிருக்கு ஒனக்கு. கங்கையில ஒரு முங்கு போட்டா எல்லாம் சரியாப் போவும்" என்றாள். அம்மாவும் வந்தாள். வேனுக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்வது பொய். அடுக்கப்பட்டிருந்தோம்.

ஹரித்துவாரில் முங்கி எழுந்தது, ஆரத்தி பார்த்தது எல்லாம் நல்லபடியாக நடந்தது. பெரியப்பா அங்கே ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் வாங்கி, கழுத்தளவு கங்கையில் இறங்கி, மந்திரம் சொல்லி அதை நிரப்பினார். மூடியை இறுக்கி, மேலே துணி சுற்றி, மெழுகு உருக்கி ஊற்றினார். ராமேஸ்வரத்தில் சாமிக்கு அபிஷேகம் செய்வதாக நேர்ந்துகொண்டிருந்தாராம். திரும்பும்போது கேன் அவர் மடியில் இருந்தது. வேனில் தாராளமாக இடம் கிடைத்த ஒரே பயணி அதுதான்.

நல்ல வெயில். இரண்டு பக்கமும் கரும்பு. முஜாஃபர்நகர் தாண்டியதும் வேனுக்குள் கருகல் வாசம் வந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. அப்பா ஓரம் கட்டி, முன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். புஸ்ஸென்று ஆவி. ரேடியேட்டர் குழாயில் விரிசல், தண்ணீர் முழுக்க ஒழுகியிருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். விரிசலில் பெரியம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கட்டியாகிவிட்டது. இனித் தண்ணீர் ஊற்றினால் ஓட்டிவிடலாம். குடிக்கக் கொண்டு வந்த தண்ணீரில் பெரியப்பா பிள்ளைகள் மாம்பழக் கை கழுவிவிட்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தண்ணி இருந்துச்சுன்னா ஊத்திரலாம்" என்றார் அப்பா.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வெயிலைப் பார்த்துச் சொன்னார். ஆனால் வேனில் இருந்த எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. பெரியப்பா கேனை இன்னும் கொஞ்சம் மடிக்குள் இழுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்தை ஆராய்ந்தார். பெரியம்மா கேனின் மேல் முந்தானையைப் போட்டு மூடினாள், வெயில் படுகிறதாம்.

நான் வாயைத் திறந்தேன். "பெரியப்பா, அந்தக் கேன்ல..." என்று ஆரம்பித்ததுமே அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"இது ராமேஸ்வரம் சாமிக்கு நேந்து எடுத்த தண்ணில்லா" என்றார் பெரியப்பா, கேட்காத கேள்விக்குப் பதிலாக.

"ஆமாண்ணே, அது எப்படித் தொட முடியும்" என்றார் அப்பா.

எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கேன் நிறையத் தண்ணீரை வண்டிக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாமல் வண்டியை ஓட்டினார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். பக்கத்தில் ஏதாவது தாபா வந்துவிடும், மெதுவாகப் போய்விடலாம் என்றார் அப்பா. கொஞ்ச தூரம் மெதுவாகப் போனது. பிறகு எஞ்சினுக்குள்ளிருந்து இரும்புப் பாத்திரத்தை யாரோ கீழே போட்டு இழுத்த மாதிரி ஒரு சத்தம். அதோடு சரி. வேன் நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

எல்லாரும் இறங்கினோம். வளைவுக்கு அந்தப் பக்கம், நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடும் தூரத்தில், தாபா இருந்தது. வாசலில் அடிபம்பு.

எல்லாரும் அந்தப் பம்பைப் பார்த்தோம். அப்புறம் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "ஏ தம்பி, வேணும்னா இதுல ஒரு சொட்டு ஊத்திப் பாப்பமா?"

அப்பா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. "இனிமே வேண்டாம்ணே" என்றார்.

டிராக்டர் ஒன்று வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போகும்வரை அம்மா ரோட்டோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறிப் போய். பெரியம்மா வந்து கேட்டபோது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அப்பா வேன் பக்கத்தில் நின்று அம்மா இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா குடும்பம் கேனோடு பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது. வேன் எங்கள் பிளாக்குக்கு முன்னால் வேப்பமரத்தடியில் வந்து நின்றது. ஹரி நகரிலிருந்து மெக்கானிக் சர்தார்ஜி வந்து திறந்து பார்த்து, எஞ்சின் ஜாம், கழற்றி பிஸ்டன் மாற்றினால் ஓடும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போடலாம், நீங்களே சொல்லுங்கள் சாப் என்றார்.

சாப்பைப் போய் முடிவெடுக்கச் சொன்னால் என்ன ஆகும்?

"பாப்போம்" என்றார் அப்பா.

எனக்கு அந்த வேன் மிகவும் அவசியமாக வேண்டியிருந்தது. லீவுக்கு முசௌரி போகிறோம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் விருந்தாளிகளோடு ஹரித்துவார்வரை போய், அங்கிருந்து தெரிகிற மலையைப் பார்த்துவிட்டு வந்து வந்து எனக்கு வெறுத்துப் போயிருந்தது. இந்த வருஷம் நாம் மட்டும் மலை ஏறுவோம் என்று சொன்னதை நம்பி, பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இப்போது பள்ளிக்கூடம் மூடிவிட்டது. லூ என்கிற அனல்காற்று அடிக்கிறது. வேன் தூசி மூடி நிற்கிறது. பையன்கள் அதன் பின்பக்கத்தை ஸ்டம்பாக வைத்து கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரே பேச்சுதான்.

"இன்னைக்காவது முடிவு பண்ணுனியளா?" என்பாள் அம்மா.

"பாப்போம்."

"ஒண்ணு சரி பண்ணுங்க, இல்ல வித்துத் தொலைங்க. இப்படி ரெண்டுங் கெட்டானா நிறுத்தி வச்சா என்ன அர்த்தம்?"

"யோசிச்சுத்தான் செய்யணும்."

மேல்வீட்டில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார், பேங்க் அதிகாரி. ஜன்னலைத் திறந்தால் வேன் கண்ணில் படுகிறது என்று அவருக்கு எரிச்சல். "ஏனுங் சார், இதைய இன்னும் வெச்சுட்டு என்னங்க பண்றீங்க? பழைய இரும்பு எடுக்கற கபாடிக்காரன வரச் சொல்லித் தள்ளி உடுங்க" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அப்பா அவரிடமும் மிக மரியாதையாக, நீங்கள் சொல்வது ரொம்பச் சரி, யோசிக்கிறேன் என்றார்.

இதற்கிடையில் ஊரிலிருந்து ஃபோன்கள். அத்தை வீட்டில் எல்லாரும் கிளம்பத் தயாராக இருந்தார்கள். சித்தப்பாவின் மாமனார் வீட்டில் பத்ரிநாத் போக ஆசைப்பட்டார்கள். ஃபோனை எடுப்பது அம்மாதான்.

"வண்டி இன்னும் அப்படியேதான் நிக்கு, மதினி. இவுகளுக்கு ஒரு முடிவு எடுக்கத் தெரியுமா? நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். இன்னைக்கு நாளைக்குங்காக. நீங்க இந்த வெயில்ல வந்து பஸ்ல இடிபடவா? வண்டி சரியானதும் நானே ஃபோன் பண்ணிச் சொல்லுதேன்."

அத்தை வீட்டார் திருப்பதிக்குப் போனார்கள். சித்தப்பாவின் மாமனார் பத்ரிநாத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்தார். எனக்கு அதில் ஒரு குரூர சந்தோஷம்தான். இவர்களில் ஒருவர்கூட எங்களைப் பார்க்க வரவில்லை, வேனைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார்கள் என்பது இப்படி வெட்டவெளிச்சமானதே. ஆனால் அதனால் முசௌரி கிட்டே வந்துவிடவில்லை.

அதைவிட மானக்கேடு ஒன்று நடந்தது. அம்மா, சுமையோடு மொட்டைமாடிக்கு ஏற முடியாது என்று, மோர் மிளகாயைத் தாம்பாளத்தில் கொண்டுபோய் வேனின் கூரையில் காயப் போட ஆரம்பித்தாள். நல்ல தகரம், நல்ல வெயில், சீக்கிரம் காய்கிறது என்று அவளுக்கு ஒரே திருப்தி. வேனை வைதுகொண்டே மிளகாயைத் திருப்பிப் போடுவாள். பிறகு வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய வாரப் பத்திரிகைகளைப் படித்தாள். அம்மா உட்கார்ந்து படித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அணிலை விரட்டுவது எனக்கு வேலை. முசௌரி போக வேண்டியவள் வேப்பமரத்தடியில் மிளகாய்க்குக் காவல் இருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் பொறுக்க முடியாமல் அப்பாவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு ஹரி நகருக்குப் போனேன். சர்தார்ஜி எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். சாமான் எல்லாம் கிடைக்கிறது, இன்றைக்குச் சொன்னால் இன்றைக்கே ஆளை அனுப்பி இழுத்து வருகிறேன், பேபியை அடுத்த வாரமே மலைக்குக் கூட்டிப் போகலாம் என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அப்பா தன் திருநெல்வேலி இந்தியில், "அபி ரஹ்னே தீஜியே சர்தார்ஜி, ஜல்தி நஹீன் ஹை" என்றார். இப்போதைக்கு இருக்கட்டும், அவசரமில்லையாம்.

அவசரமில்லையா? யாருக்கு? திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று நான் கத்திய கத்தலில், பக்கத்தில் மொழி புரியாத பஞ்சாபிப் பாட்டி ஒருத்தி அப்பாவை முறைத்தாள். "உங்களால எதுவுமே முடியாதுப்பா! வண்டியையும் சரி பண்ண மாட்டீங்க, விக்கவும் மாட்டீங்க!"

அப்பா எனக்கு ஒரு ஷிகஞ்சி வாங்கிக் கொடுத்தார். எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்டு, ஜில்லென்று இருந்தது. பாதி குடித்ததும் சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"நான் ஆபீஸ் போன பொறவு அம்மா வாளி ஏதும் தூக்குதாளாட்டி?"

"இல்ல."

"பாத்துக்கிடு. சொன்னாக் கேக்க மாட்டா அவ."

பேச்சை மாற்றுகிறார் என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. மீதி ஷிகஞ்சியைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

லீவு முடிந்தது. மழை பெய்தது. வேனின் ஒரு டயர் காற்று இறங்கி, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் முசௌரி எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் எங்கள் அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். மேல்வீட்டு பேங்க்காரர் எங்கள் அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். பெரியப்பா மட்டும் மாசம் தவறாமல் ஃபோன் செய்து வேனைப் பற்றிக் கேட்டார். ராமேஸ்வரத்தில் அபிஷேகம் திவ்வியமாக நடந்ததையும் சொன்னார்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சனிக்கிழமை, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேரே வீட்டுக்கு வரவில்லை. கீழே குழாயடியில் பெரிய வாளியை வைத்து நிரப்பி, அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடியும் ஏறி வந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். "தள்ளு" என்றாள். கூடத்தில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில், தரையெல்லாம் தளும்பும்படி வாளியை டங்கென்று வைத்தாள்.

"டாக்டர் சொல்லிட்டாக" என்றாள்.

அப்பா அந்த வாளியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். செய்தித்தாளை நாலாக மடித்து வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார். சாயங்காலத்துக்குள் சர்தார்ஜியின் ஆட்கள் வந்து வேனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெயில் போயிற்று, லீவு போயிற்று, மலையில் இப்போது குளிர் விறைக்கும். "இதை மே மாசமே செஞ்சிருந்தா என்னப்பா?" என்று கேட்டேன்.

"மே மாசம் முடியாதுட்டி" என்றார். அவ்வளவுதான் பதில்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா, "ஒருவழியா முடிவு பண்ணிட்டியளாக்கும்?" என்று கேட்க, அப்பா, "பண்ணியாச்சு" என்று சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். மறுநாள் அம்மா தானாகவே ஊரில் பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டாள். "அக்கா, வண்டி சரியாயிரும். மே மாசம் எல்லாரும் வாங்க."

எஞ்சினைச் சரி செய்யலாமா வேண்டாமா என்று அரை வருஷம் யோசித்த மனிதர் என்று எங்கள் சொந்தத்தில் அப்பாவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி பெரியப்பா அந்தக் கதையைச் சொல்லுவார், கேன் கதையை விட்டுவிட்டு. அப்பா மறுத்ததே இல்லை. "எனக்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாதுண்ணே" என்று இலையைப் பார்த்துச் சிரிப்பார். பக்கத்தில் அம்மா, தான் எவ்வளவு சொல்லியும் கேட்காத கதையைத் தன் பங்குக்கு ஆரம்பிப்பாள்.

அண்ணனிடம் இந்த வருஷம் வர வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு ஒருநாளும் வாய் வந்திருக்காது. எனக்கென்று ஒரு வீடும், வருகிறேன் என்று ஃபோன் செய்கிற சொந்தங்களும் ஆன பிறகுதான் அது எவ்வளவு கஷ்டமான வாக்கியம் என்று தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தன் கோபம் ஒன்றுதான். மாடி ஏறி வந்த ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்ததும் முடிவெடுக்கத் தெரியாத ஒரு மனிதர் ஏன் அப்படி அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினார் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.